பந்தாட்டச் சபராளிகளும் ஒரு முழத் துணியும்

'சபராளி' என்ற சொல்லைக் கடற்கரை ஊர்களின் முதியவர்கள் இன்றும் வழங்குகின்றனர். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் சைகோனுக்கும் கப்பலேறிச் சென்று, இரண்டு மூன்று ஆண்டுகள் கடையில் நின்று, கணக்கு முடித்து ஊர் திரும்பி, கைப்பொருள் கரைந்ததும் மீண்டும் கப்பலேறியவரை அச்சொல் குறிக்கும். உடுமலைப்பேட்டையில் வாழும் நமக்குக் கடல் வெகு தொலைவு. நம் ஊரின் பிழைப்பு நூற்பாலையையும் சந்தையையும் தென்னந்தோப்பையும் நம்பியிருந்தது. ஆயினும் வளைகுடா நாடுகளின் கதவு திறந்த பிறகு நம் தெருக்களிலும் சபராளி வீடுகள் தோன்றின. விசா, ஒப்பந்தம், முதலாளியின் மனப்போக்கு, கிடைக்காத விடுப்பு, பெருநாளன்று தொலைபேசியில் மட்டும் வரும் தந்தை ஆகியவற்றை நமக்கு எவரும் விளக்கத் தேவையில்லை.

நாம் இங்கே எழுதப் புகுந்தது வேறொரு சபராளிக் கூட்டத்தைப் பற்றி. கூடைப்பந்து ஆடிப் பிழைப்பதற்காக நாடு விட்டு நாடு செல்வோரே அவர்கள். தொலைக்காட்சியில் நாம் காணும் கோடீசுவரர்கள் அல்லர். அமெரிக்காவின் என்.பி.ஏ. லீக்கில் 30 அணிகள் உள்ளன. அணிக்குப் பதினைந்து பேர் என்று கொண்டால், உலகம் முழுமைக்கும் அங்கே ஏறத்தாழ 450 இடங்கள். அவ்விடம் கிட்டாதவரும், கிட்டி இழந்தவரும் துருக்கி, கிரீஸ், ரஷ்யா, ஜப்பான், பிலிப்பைன்ஸ், ஆஸ்திரேலியா என்று அலைகின்றனர். பெரும்பாலும் ஒரு பருவத்துக்கு மட்டுமே ஒப்பந்தம். ஓர் அணி இத்தனை வெளிநாட்டவரைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்று அந்தந்த நாட்டு லீக் வரம்பு விதிக்கும். முழங்கால் பழுதானாலோ நான்கு ஆட்டங்கள் தொடர்ந்து தோற்றாலோ, பருவத்தின் நடுவிலேயே வேறொருவர் விமானத்தில் வந்து இறங்கிவிடுவார். அடுத்த ஆண்டு எந்த ஊர் என்பது முகவருக்கே தெரியாது. நம் வீட்டுச் சபராளிக்கும் இவர்களுக்கும் உயரத்தில்தான் வேற்றுமை என்று சொல்லத் தோன்றுகிறது.

இதில் நமக்கு ஆர்வம் வந்த காரணத்தையும் சொல்லிவிடுவோம். நம் தெருவில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒரு பிள்ளை கூடைப்பந்து ஆடுபவள். குறுவட்டப் போட்டி ஒன்றுக்குத் தன் பள்ளி அணியோடு சென்றாள். தலையில் முக்காட்டுடன் களமிறங்க விதியில் இடமில்லை என்று அங்கிருந்த நடுவர் சொல்லிவிட்டார். அவர் கடுமையாகப் பேசவில்லை. தமக்குத் தெரிந்ததைச் சொன்னார். அவளும் வாதாடவில்லை. ஆட்டம் முடியும்வரை பலகையில் அமர்ந்து தோழியரின் தண்ணீர்ப் புட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றிரவு அவளுடைய அத்தா வளைகுடாவிலிருந்து நம்மை அழைத்தார். "ஏனுங் பாய், ரூலே அப்படித்தானுங்களா?" என்று கேட்டார். நமக்கு விடை தெரியவில்லை. தெரிந்துகொள்ள முற்பட்டபோது, அந்த ஒரு முழத் துணிக்குப் பின்னால் ஒரு வரலாறே கிடப்பதைக் கண்டோம். அவ்வரலாற்றின் நடுவில் நின்றவர்கள் பிழைப்புத் தேடி வெளிநாடு சென்ற இரண்டு இந்திய ஆட்டக்காரர்கள். அவர்கள் முஸ்லிம்கள் அல்லர், பஞ்சாபின் சீக்கியர்கள்.

இந்தியாவில் கூடைப்பந்து ஒரு தொழில் என்பதைவிட, வேலை வாங்கித் தரும் தகுதி என்பதே பொருந்தும். கோவையில் ஆண்டுதோறும் நடைபெறும் நாச்சிமுத்துக் கவுண்டர் கோப்பை அகில இந்தியப் போட்டிக்குச் சென்று பார்த்தவர்களுக்கு இது விளங்கும். அங்கே வரும் அணிகளின் பெயர்களே ரயில்வே, வங்கி, கடற்படை, தரைப்படை என்றுதான் இருக்கும். நன்றாக ஆடுபவருக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலை. வேலை கிடைத்தபின் நிறுவனத்துக்காக ஆட்டம். ஆட்டம் ஓய்ந்தபின் ஓய்வுபெறும்வரை கோப்புகள். இது கேவலமான வாழ்வன்று. எத்தனையோ குடும்பங்களை நிமிர்த்திய வாழ்வு. ஆனால் ஆட்டமே முழுநேரப் பிழைப்பாக, உலகத் தரத்தோடு மோதிப் பார்க்க வேண்டும் என்று விரும்பும் ஒருவருக்கு உள்நாட்டில் வழி இருந்ததில்லை. 2015இல் தொடங்கிய யு.பி.ஏ. என்னும் தனியார் லீக்கும் சில பருவங்களோடு நின்றுபோயிற்று.

வெளியே சென்ற முன்னோடிகளுள் ஒருவர் பெண் என்பதைக் குறிப்பிட வேண்டும். கீது அன்னா ஜோஸ் கேரளத்தில் பிறந்தவர். பணியாற்றியது சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட தெற்கு ரயில்வேயில். 2006 முதல் 2008 வரையிலான காலத்தில் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரைச் சேர்ந்த ரிங்வுட் ஹாக்ஸ் அணிக்காக ஆடினார். 2011இல் அமெரிக்கப் பெண்கள் லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ.வின் மூன்று அணிகள் அவரை அழைத்துச் சோதித்துப் பார்த்தன. இடம் கிட்டவில்லை. ரயில்வே வேலை காத்திருந்தது, திரும்பி வந்தார். 2014இல் அர்ஜுனா விருது பெற்றார்.

அமிர்தபால் சிங்கின் கதை இன்னும் நீண்ட அலைச்சல். அமிர்தசரஸ் பகுதியில் வேளாண் குடும்பத்தில் 1991இல் பிறந்தவர். ஊரில் கபடி ஆடிக்கொண்டிருந்த, ஏழடியை எட்டும் உயரமுள்ள அந்த இளைஞர், பதின்பருவம் முடியும் வேளையில்தான் கூடைப்பந்தைக் கையில் எடுத்தார். பெரும்பாலான ஆட்டக்காரர்கள் பத்து வயதில் கற்பதை அவர் லூதியானா கூடைப்பந்துப் பயிற்சிக் கழகத்தில் கற்றார். அக்கழகத்தின் பயிற்சியாளர் பெயர் சங்கரன் சுப்பிரமணியன். பெயரைக் கேட்டதும் நம் பக்கத்தவரோ என்று காது நிமிர்கிறது. என்.பி.ஏ. அணி ஒன்று 2015இல் தேர்ந்தெடுத்த முதல் இந்தியரான சத்னாம் சிங்கும் அதே கழகத்தின் வார்ப்பே. டல்லாஸ் மாவரிக்ஸ் அணி தேர்ந்தெடுத்த சத்னாமுக்கும் என்.பி.ஏ. களத்தில் ஒரு நிமிடம்கூட வாய்க்கவில்லை. துணை லீக்கிலும், பின்னர் கனடாவின் சிறு லீக்கிலும் ஆடும்படி ஆயிற்று. அமிர்தபாலுக்கு அவ்வளவு விளம்பரம் கிடைக்கவில்லை. அவரும் சண்டிகரைச் சேர்ந்த அம்ஜோத் சிங்கும் ஜப்பானுக்குச் சென்று டோக்கியோ எக்ஸலன்ஸ் என்னும் அணியில் ஆடினர். அது ஜப்பானின் உயர் லீக் அன்று. மொழி புரியாத ஊர், பழகாத சோறு, சிறு அரங்கு. வளைகுடாவின் ஒரு கிடங்கில் முதல் ஆறு மாதம் கழித்தவர்கள் அந்த இரவுகளை எளிதில் ஊகிக்கலாம்.

அவர்கள் ஜப்பானுக்குச் செல்வதற்கு முன், 2014 ஜூலையில், சீனாவின் வூகான் நகரில் ஆசியக் கோப்பைப் போட்டி நடந்தது. இந்திய அணி அதில் செய்ததைக் கூடைப்பந்து அறிந்தவர்கள் இன்றும் வியந்து பேசுவர். சீனாவை அதன் மண்ணிலேயே 65-58 என்று வென்றது. அதற்குமுன் இந்தியா சீனாவை வென்றதே இல்லை. அவ்வெற்றிச் செய்தியின் நிழலில் இன்னொன்றும் நிகழ்ந்தது. ஜப்பானுடனான ஆட்டத்தின்போது அமிர்தபாலும் அம்ஜோத்தும் தலைப்பாகையைக் களைந்துவிட்டு வர வேண்டும் என்று நடுவர்கள் கூறினர். சீக்கியர்கள் விளையாடும்போது பெரிய தலைப்பாகைக்கு மாற்றாகச் சிறு துணியை இறுகக் கட்டிக்கொள்வர். 'பட்கா' என்பது அதன் பெயர். அதையே கட்டி அதுவரை ஆடிவந்தவர்கள் அவ்விருவரும். எடுத்துக்காட்டப்பட்டது, பிறருக்குக் காயம் விளைவிக்கக்கூடிய பொருள்களை ஆட்டக்காரர் அணியலாகாது என்னும் விதி. கொண்டையூசி, நகை, தலையணி யாவும் அவ்விதியில் ஒரே வரிசையில் இருந்தன. வியர்வை துடைக்கும் குறுகிய தலைப்பட்டைக்கு மட்டும் விலக்கு.

இருவரும் துணியை அவிழ்த்து, முடியைக் கட்டிக்கொண்டு ஆடினர். நாட்டின் சட்டையை அணிந்து நிற்கும் வேளையில் வேறு என்ன செய்ய முடியும்? ஆட மறுத்தால் அணிக்கு நட்டம். இணங்கினால் தமக்குள்ளே நட்டம். இத்தகைய நிலையில் நின்றவர்களை 'ஏன் இணங்கினாய்' என்று கேட்பது அறம் ஆகாது என்பது நம் எண்ணம். வேலைநேரத்தில் தொழுகைக்கு இடம் தராத முதலாளியிடம் வாய் திறவாமல் நின்று, அறைக்கு வந்து களாச் செய்த சபராளிகள் நம்மிடையே எத்தனை பேர்!

அடுத்த மாதமே தோஹாவில் நடந்த பதினெட்டு வயதுக்குட்பட்டோர் ஆசியப் போட்டியில் இன்னொரு சீக்கிய இளைஞரும் தலைப்பாகையைக் களையும்படி பணிக்கப்பட்டார். முக்காடு ஓர் இயல்பான உடையாக உலவும் நகரில் இது நடந்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். விதி உலகக் கூட்டமைப்பினுடையது. ஊரார் என்ன உடுத்துகின்றனர் என்பது அதற்குப் பொருட்டன்று.

அந்த விதியின் மறுபக்கத்தை அதே கத்தார் நாட்டுப் பெண்கள் ஒரு மாதம் கழித்துச் சந்தித்தனர். 2014 செப்டம்பரில் தென்கொரியாவின் இஞ்சியோன் நகரில் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடந்தன. மங்கோலியாவுக்கு எதிரான ஆட்டத்துக்குக் கத்தார் பெண்கள் கூடைப்பந்து அணி அரங்குக்கு வந்தது. ஹிஜாபைக் களையாமல் ஆட இயலாது என்று கூறப்பட்டது. அவர்கள் களையவில்லை. ஆட்டம் கைவிடப்பட்டது, அணி போட்டியிலிருந்தே விலகிற்று. கால்பந்தின் விதிகளை வகுக்கும் அவை அதே ஆண்டு மார்ச் மாதத்திலேயே ஹிஜாபுக்கும் தலைப்பாகைக்கும் ஒப்புதல் அளித்துவிட்டிருந்தது. அங்கும் அது எளிதில் வந்ததன்று. 2011இல் ஈரான் பெண்கள் அணி தலைத்துணியின் பொருட்டு ஒலிம்பிக் தகுதிச்சுற்று ஆட்டத்தையே இழந்திருந்தது. கால்பந்து கற்றுக்கொண்ட பாடத்தைக் கூடைப்பந்து இன்னும் திறந்து பார்க்கவில்லை.

நாட்டு அணிகளுக்கு நேர்ந்ததாவது செய்தித்தாளில் வந்தது. தனியொருவரின் பிழைப்பு முடங்கியது அவ்வாறு வெளிவருவதில்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த பில்கிஸ் அப்துல் காதிர் என்னும் பெண், பள்ளிப் பருவத்திலேயே 3,070 புள்ளிகள் குவித்து அம்மாநிலச் சாதனையை முறியடித்தவர். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் முதல் பிரிவில் ஹிஜாபுடன் ஆடிய முதல் பெண்ணும் அவரே. உயரத்தில் குள்ளம், பந்தைக் கடத்துவதில் மின்னல். 2009 ரமளானில் வெள்ளை மாளிகையில் நடந்த இஃப்தார் விருந்தில் அதிபர் ஒபாமா அவரைப் பெயர் சொல்லிப் பாராட்டினார். கல்லூரி முடிந்ததும், டபிள்யூ.என்.பி.ஏ.வில் இடம் கிடைக்காத எல்லாரையும்போல் அவரும் ஐரோப்பாவில் ஒப்பந்தம் தேட எண்ணினார். அங்கே உலகக் கூட்டமைப்பின் விதி குறுக்கே நின்றது. அமெரிக்கக் கல்லூரிகளில் கூட்டமைப்பின் விதி செல்லாது. எனவே நான்காண்டுகளுக்கும் மேலாக எவருக்கும் அத்துணியால் காயம் ஏற்படாமல் ஆடியவர், கடல் கடந்ததும் 'ஆபத்தான பொருள்' அணிந்தவராகிவிட்டார்.

இங்கே சற்று நிற்க வேண்டும். துணியைக் கழற்றியிருந்தால் அவருக்கு வேலை கிடைத்திருக்கும். எத்தனையோ பேர் அவருக்கு அவ்வாறே அறிவுரை கூறியிருப்பர். ஓராண்டுதானே, எவர் பார்க்கப்போகிறார் என்று. பிழைப்புக்கும் பேணுதலுக்கும் இடையிலான இந்தப் பேரம் நமக்குப் புதிதன்று. ஆயினும் பேரம் பேசுபவன் தன் பொருளின் விலையை அறிந்திருக்க வேண்டும். பில்கிஸ் அறிந்திருந்தார். ஆட்டத்தின் மீது கொண்ட காதல் குறைந்ததால் அவர் விலகவில்லை. கையில் பந்து இல்லாமல் தாம் யார் என்று தெரியாமல் தவித்ததாக அவரே பின்னாளில் வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். அவ்வாண்டுகளைப் பற்றி எடுக்கப்பட்ட ஆவணப்படத்தின் பெயரே கூடைப்பந்து இல்லாத வாழ்க்கை என்னும் பொருளுடையது.

அயர்லாந்திலும் போஸ்னியாவிலும் தொழில்முறையாக ஆடியிருந்த இந்திரா கால்யோ என்னும் போஸ்னிய அமெரிக்கப் பெண், ஹிஜாப் அணியத் தொடங்கியபின் இதே சுவரில் மோதினார். 2014இல் விதியை மாற்றக் கோரி அவர் தொடங்கிய இணைய விண்ணப்பத்தில் பல்லாயிரம் பேர் கையொப்பமிட்டனர். அதே வேளையில் அமெரிக்கச் சீக்கிய அமைப்புகளும், அமி பேரா, ஜோ கிரவுலி ஆகிய அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்களும் வூகான் நிகழ்வை முன்வைத்துக் கூட்டமைப்புக்குக் கடிதம் எழுதினர். இரண்டு சமூகங்கள் இரண்டு துணிகளுக்காக வெவ்வேறு வாயில்களில் நின்று தட்டின. உள்ளே இருந்த கதவோ ஒன்றுதான். ஹிஜாபுக்கு மட்டும் என்று கேட்டிருந்தால் கதவு இத்தனை விரைவில் அசைந்திருக்குமா என்பது நமக்கு ஐயமே. ஒரு விவசாயி மகனின் பட்கா நம் பெண்பிள்ளைகளின் முக்காட்டுக்கும் வழக்குரைத்தது என்று சொன்னால் மிகையாகாது.

2014 செப்டம்பரில் கூட்டமைப்பின் நடுவண் குழு ஒரு சோதனைக் காலத்தை அறிவித்தது. உள்நாட்டுப் போட்டிகளில், அந்தந்த நாட்டுச் சங்கம் கேட்டுக்கொண்டால், தலையணியை அனுமதித்துப் பார்க்கலாம் என்பது அதன் சாரம். பன்னாட்டுப் போட்டிகளுக்குத் தடை நீடித்தது. இறுதியாக 2017 மே மாதம் ஹாங்காங்கில் கூடிய மாநாட்டில் புதிய விதி ஏற்கப்பட்டது. 2017 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

அவ்விதி சொல்வதை விளங்கத் தருகிறோம். வீட்டில் ஆடும் பிள்ளை இருப்பவர்களுக்குப் பயன்படும். தலையணி கறுப்பாகவோ வெள்ளையாகவோ, அணியின் சீருடையில் மேலோங்கிய நிறத்திலோ இருக்க வேண்டும். அணியில் எத்தனை பேர் அணிந்தாலும் நிறம் ஒன்றே. கண், மூக்கு, உதடு உள்ளிட்ட முகத்தின் எப்பகுதியையும் அது மறைக்கலாகாது. அணிபவருக்கும் பிறருக்கும் ஆபத்து விளைவிக்கலாகாது. முகத்தைச் சுற்றியோ கழுத்தைச் சுற்றியோ திறந்து மூடும் பூட்டு எதுவும் கூடாது. துணியின் மேற்பரப்பிலிருந்து எதுவும் துருத்தி நிற்கவும் கூடாது. நம் வழக்கில் சொன்னால், ஊக்குக் குத்தலாகாது, முடிச்சுத் தொங்கலாகாது, முன்றானை பறக்கலாகாது. தலையோடு ஒட்டி நிற்கும் நெகிழ்துணி போதும். அவ்வளவே. இத்தனை எளிய நான்கு வரியை எழுத ஏன் இத்தனை ஆண்டுகள் ஆயின என்று கேட்கத் தோன்றும்.

அந்த ஆண்டே அமிர்தபால் சிங் ஆஸ்திரேலியாவின் முதன்மை லீக்கான என்.பி.எல்.இல் சிட்னி கிங்ஸ் அணியோடு ஒப்பந்தம் செய்துகொண்டார். அந்த லீக்கில் ஆடிய முதல் இந்தியர் அவர். அம்ஜோத் சிங் அமெரிக்காவின் துணை லீக்கில் ஓக்லஹோமா சிட்டி புளூ அணிக்குச் சென்றார். இருவருக்கும் அது பொற்காலமாக நீளவில்லை. அமிர்தபால் பலகையில் அமர்ந்த நேரமே மிகுதி. ஒரு பருவத்தோடு சிட்னி முடிந்தது. சபராளி வாழ்வில் இது தோல்வி ஆகாது. சென்றதும் நின்றதும் திரும்பியதும்தான் அந்த வாழ்வு.

பில்கிஸுக்கு அந்த அக்டோபர் காலம் கடந்து வந்தது. ஓர் ஆட்டக்காரரின் உடல் விதிகளுக்காகக் காத்திருப்பதில்லை. கல்லூரி முடித்துச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன. தொழில்முறை ஒப்பந்தம் ஒன்றும் அவர் வாழ்வில் அமையவில்லை. பிள்ளைகளுக்குப் பயிற்சியளிப்பதில் இறங்கினார்.

எழுதப்பட்ட விதி இவ்வாறு. எழுதப்படாத விதியும் ஒன்று உண்டு. அதை அறிய இருபது ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும். மிசிசிப்பி மாநிலத்தின் கல்ஃப்போர்ட் நகரில் 1969இல் வறுமையில் பிறந்த கிறிஸ் ஜாக்சன், டூரெட் என்னும் நரம்புக் குறைபாட்டால் உடல் தானே துடிக்கும் நிலையிலும், 1990இல் என்.பி.ஏ. தேர்வின் மூன்றாம் இடத்தில் டென்வர் அணியால் எடுக்கப்பட்டார். 1991இல் இஸ்லாத்தைத் தழுவினார்; 1993இல் மஹ்மூத் அப்துல் ரவூஃப் என்று பெயர் மாற்றிக்கொண்டார். 1995-96 பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரியாகப் பத்தொன்பது புள்ளிகளுக்கு மேல் எடுத்துக்கொண்டிருந்தவர், நாட்டுப்பண் ஒலிக்கும்போது எழுந்து நிற்பதில்லை என்பது 1996 மார்ச்சில் பெரும் சர்ச்சையாயிற்று. லீக் அவரை இடைநீக்கியது. ஆடாத ஒவ்வோர் ஆட்டத்துக்கும் 31,707 டாலர் இழப்பு. ஓர் ஆட்டத்தோடு உடன்பாடு ஏற்பட்டது. எழுந்து நிற்பார், ஆனால் கைகளை ஏந்தித் தலை குனிந்து துஆச் செய்வார். அன்றைய முஸ்லிம்களிடையேயும் இதில் ஒரே கருத்து இல்லை என்பதை மறைக்கக்கூடாது. புகழ்பெற்ற ஆட்டக்காரர் ஹக்கீம் ஒலாஜுவான் உள்ளிட்டோர், தாம் வாழும் நாட்டை மதிப்பதும் மார்க்கத்தின் பண்பே என்றனர். நாம் இங்கே தீர்ப்புக் கூற வரவில்லை. அதன் விலை என்னவாயிற்று என்பதே நம் பேச்சு.

அந்தக் கோடையிலேயே டென்வர் அவரைச் சாக்ரமெண்டோ அணிக்கு அனுப்பிற்று. அங்கே வாய்ப்புக் குறைந்தது. 1998இல் அவரை எடுக்க என்.பி.ஏ.வில் ஆளில்லை, வயது இருபத்தொன்பது, கை குறி தவறாத கை. துருக்கியின் ஃபெனர்பாச்சே அணிக்குச் சென்றார். 2000-01இல் வான்கூவர் அணிக்காக ஒரு பருவம் திரும்பினார். மிசிசிப்பியில் அவர் கட்டிய வீடு 2001இல் தீக்கிரையாயிற்று. பின்னர் தொடங்கியது உண்மையான சபர்: ரஷ்யாவின் பெர்ம், இத்தாலியின் ரொசெத்தோ, கிரீஸின் அரிஸ், சவூதி அரேபியா, இறுதியில் ஜப்பானின் கியோட்டோ. 2011இல் கியோட்டோவில் ஆடி முடித்தபோது அவருக்கு வயது நாற்பத்திரண்டு. எந்த விதியும் அவரை லீக்கிலிருந்து விலக்கவில்லை. எவரும் கடிதம் எழுதவில்லை. தொலைபேசி ஒலிக்கவில்லை, அவ்வளவே. அதை எதிர்த்து எங்கே விண்ணப்பம் போடுவது?

ஆகவே ஹாங்காங்கில் மாறிய விதியை நாம் முழு வெற்றியாக எழுதத் துணியவில்லை. பிரான்ஸ் நாட்டின் தியாபா கொனாத்தே என்னும் பெண்ணின் நிலை அண்மைக் காலத்துச் சான்று. அந்நாட்டின் இளையோர் அணிகளில் ஆடிப் பதக்கம் பெற்றவர். அமெரிக்கக் கல்லூரிகளில் படிக்கச் சென்ற இடத்தில் ஹிஜாப் அணியத் தொடங்கி, கலிஃபோர்னியாவின் இர்வைன் பல்கலைக்கழக அணியில் சிறந்து விளங்கினார். 2022 டிசம்பரில் பிரெஞ்சுக் கூடைப்பந்துச் சங்கம் உள்நாட்டுப் போட்டிகளில் சமய அடையாளமுள்ள உடையைத் தடை செய்தது. உலகக் கூட்டமைப்பு அனுமதித்ததைத் தாய்நாட்டுச் சங்கம் மறுத்தது. பில்கிஸ் தம் நாட்டில் ஆடி, வெளிநாடு செல்ல இயலாமல் நின்றவர். தியாபாவோ வெளிநாட்டில் ஆடி, தம் நாட்டில் ஆட இயலாமல் நிற்பவர். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பிற நாட்டுப் பெண்கள் ஹிஜாபுடன் களம் காணலாம், பிரெஞ்சுப் பெண்கள் காணலாகாது என்ற விந்தையை உலகம் கண்டது.

நம் பக்கத்துக் கதவையும் பேசாமல் விட்டால் நேர்மையாகாது. நடுவர் ஒருவர் தடுத்தபோது கொதித்த நம்மில் சிலர், பூப்பெய்திய பெண்பிள்ளைக்கு மைதானத்தில் என்ன வேலை என்று அதற்கு முந்தைய மாதம் பேசியவர்களே. இதை அவளுடைய அத்தாவிடம் சொன்னபோது அவர் சிரித்தார். சவூதியிலேயே இப்போது பெண்கள் ஆடுகிறார்கள், நாம்தான் 1985இல் நிற்கிறோம் என்றார். நாம் பதில் சொல்லவில்லை.

விதியின் அந்தப் பக்கத்தை அச்செடுத்து, பக்கத்திலேயே தமிழில் எழுதி அவளிடம் கொடுத்தோம். அவள் அம்மா கறுப்பு நெகிழ்துணியை வாங்கித் தாமே தைத்தார். இரண்டு முறை தைத்துப் பிரித்து, மூன்றாவது முறை கழுத்தில் மடிப்பு விழாமல் அமைந்தது. அடுத்த போட்டிக்கு உடற்கல்வி ஆசிரியை அத்தாளை மடித்துத் தம் கைப்பையில் வைத்திருந்தார். இம்முறை வேறொரு நடுவர். ஆசிரியை நீட்டிய தாளை நின்ற இடத்திலேயே முழுவதும் படித்தார். அவளை அழைத்து, ஊக்கு ஏதும் இருக்கிறதா என்று ஆசிரியையையே தொட்டுப் பார்க்கச் சொன்னார். பிறகு சீட்டியை வாயில் வைத்துக்கொண்டார்.

அவள் ஏழு நிமிடம் ஆடினாள். கூடை ஒன்றும் விழவில்லை, தவறுகள் மூன்று. அன்றிரவும் வளைகுடாவிலிருந்து அழைப்பு வந்தது. அவளுடைய அத்தா துணியைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. மூன்றாவது தவறு எதற்கு என்று அவளிடம் அரைமணி நேரம் விசாரித்துக்கொண்டிருந்தார்.